முகப்பிலிருந்து பின்கட்டு வரை: ஒரு செட்டிநாட்டு வீட்டை எப்படிப் படிப்பது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அவருடைய ஐயாவும் அப்பத்தாவும் வாழ்ந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நூறு வயது தாண்டிவிட்டது என்கிறார்கள். 14 புள்ளிக்கு, அதாவது 14 குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. இடித்து, மரத்தையும் தூணையும் விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறது. அப்பத்தா சென்னையில் பேரன் வீட்டில் இருக்கிறார். “பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள் என்று எல்லாரும் பெருமை பேசுகிறார்கள். பணம் இருந்தது, வாங்கிப் போட்டார்கள். இதில் கட்டடக்கலை, வரலாறு என்று சொல்ல என்னதான் இருக்கிறது?”

பாதி ஒத்துக்கொள்கிறேன். தேக்கும் மார்பிளும் கையில் பணம் இருந்ததற்குச் சாட்சி, அவ்வளவே. பெல்ஜியம் கண்ணாடியைக் காட்டிக் கதை சொல்கிறவர்களிடம் எனக்கும் பொறுமை குறைவு. சில ஆண்டுகள் அந்தப் பகுதி வீடுகளை நாடா பிடித்து அளந்து படம் போடும் வேலையில் இருந்தேன். முதல் சில வீடுகளில் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அளந்ததைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த வீடுகளின் கெட்டிக்காரத்தனம் அலங்காரத்தில் இல்லை, பிளானில் இருக்கிறது என்று பட்டது. ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தே கட்டிய வீடுகள் அவை. இப்படிப் பார்த்தால், பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

ஏன் ஊரில் இல்லை? இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அந்த வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு சம்பாதித்தது மிகக் குறைவு. 1852 போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்துக் காட்டையும் சதுப்பையும் வெட்டித் திருத்தி நெல் போட்டால் உலகச் சந்தையில் விற்கலாம் என்றானது. காட்டைத் திருத்த முதலீடு வேண்டும், ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்கு நேரே கடன் கொடுக்கமாட்டா. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் செட்டியார்கள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று மற்ற இடங்களும் உண்டு, ஆனாலும் பெரும்பணம் பர்மாவில்தான். இதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. அங்கே அவர் இருப்பது கிட்டங்கியில்: ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பாயும் ஒரு மரப்பெட்டியும். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு, இரவில் அதே இடத்தில் படுக்கை. பெண்களை உடன் அழைத்துப்போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. வெளிநாட்டில் பாய் அகல இடத்தில் வாழ்ந்தவர்கள் ஊரில் தெருவிலிருந்து தெருவுக்கு வீடு கட்டினார்கள் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளே போவோம். உங்கள் வீடும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு தெருவில் முகப்பு, பின்கதவு அடுத்த தெருவில். நடுவே எல்லாம் ஒரே நேர்கோட்டில். முகப்பில் நின்று எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் பின்தெரு வெளிச்சம் கண்ணில் படும். முகப்பு ஆண்களுக்கும் தொழிலுக்கும் உரியது. இருபுறமும் உயர்ந்த திண்ணை, தூண்கள், கணக்குப்பிள்ளை உட்காரும் இடம். வந்தவரில் யாரை எங்கே நிறுத்துவது, யாரை உட்காரவைப்பது என்பதைப் படியும் திண்ணையுமே சொல்லிவிடும். இதில் சாதியும் அடக்கம். எந்தப் படிக்கு மேல் யார் ஏறக்கூடாது என்று அன்று இருந்த கணக்கை மறைத்துவிட்டு “விருந்தோம்பல் மரபு” என்று மட்டும் எழுதினால் அது பொய்.

அடுத்து நிலைக்கதவு. செதுக்கு வேலை முழுவதும் இங்கேதான் குவிந்திருக்கும். நிலைக்கு மேலே கஜலட்சுமி, கொடிகள், யாளி, கிளி. இந்தக் கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் திறந்த நீள்சதுர முற்றம், நான்கு புறமும் தூண் வரிசை, தாழ்வாரம், அதையொட்டி இரு பக்கமும் அறைகள். அதற்கப்புறம் இரண்டாம் கட்டு. பந்தி நடக்கும் இடமும் பெண்கள் புழங்கும் இடமும் அதுதான். மூன்றாம் கட்டில் அடுப்படி, ஆட்டுரல், அம்மி, கிணறு, தானியம், விறகு. வசதியைப் பொறுத்துக் கட்டுகள் கூடும், குறையும்.

வளவில் நின்று அறைகளைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது. இவ்வளவு பெரிய வீட்டில் அறை மட்டும் ஏன் இவ்வளவு சின்னது? ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். பலவற்றில் ஜன்னலே கிடையாது. இரட்டையாக இருக்கும்: வெளி அறை, அதற்குள் உள் அறை. கதவு மட்டும் கோட்டைக் கதவுபோலத் தடிமன், அதற்குச் சாண் நீளச் சாவி. காரணம் எளிது. அவை படுத்து உறங்கும் அறைகள் இல்லை, பூட்டிவைக்கும் அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதிக்கு இப்படி ஓர் இரட்டை அறை ஒதுக்கப்படும். பெண் கொண்டுவந்த சீர், வெள்ளி, பித்தளை, மங்குச் சாமான் எல்லாம் அங்கே அடைந்துகொள்ளும். புதுமணத் தம்பதி தவிர மற்றவர்கள் தூங்கியது வளவிலும் தாழ்வாரத்திலும் காற்று வரும் இடத்திலும்தான். எத்தனை இரட்டை அறை என்று எண்ணினால், கட்டியவர் எத்தனை ஆண்பிள்ளைகளை எதிர்பார்த்தார் என்று தெரிந்துவிடும்!

புள்ளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் மனைவியுடன் ஒரு புள்ளி. வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். வீடும் அந்தக் கணக்குப்படிதான் பிரிந்திருக்கிறது. ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே சாமி வீடு. ஆனால் அடுப்பு வேறு. கல்யாணமாகிச் சில காலம் சென்றதும் மகனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’விடுவார்கள். அரிசி, பருப்பு, செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுத்துவிட்டால், அதற்குள் அந்தப் பெண் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். மாமியார் ஓர் அடுப்பில் சமைப்பார், நான்கடி தள்ளி மருமகள் இன்னோர் அடுப்பில் சமைப்பார். விசேஷம் என்றால் மட்டும் சேர்ந்து பொங்குவார்கள். அடுத்தமுறை போகும்போது மூன்றாம் கட்டில் அடுப்பு இருந்த தடங்களை எண்ணிப் பாருங்கள். சுவரில் கரி ஏறிய இடங்கள் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் “அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம், எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்” என்று யாராவது இந்த வீடுகளைக் காட்டிச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சொத்துச் சண்டை எதனால் வரும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு வணிகக் கூட்டம், அந்தச் சண்டையை முன்கூட்டியே பிளானில் தீர்த்து வைத்திருக்கிறது. வாசலும் வளவும் பொது, அறையும் அடுப்பும் தனி. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு நூறாண்டுக்கு முன்னோடி என்றால் ஆச்சிமார், அதாவது அந்த வீட்டுப் பெண்கள், கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆச்சிமாரைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆண்கள் மூன்று ஆண்டு ரங்கூனில் இருந்தால் ஊரில் வீட்டையும் வரவுசெலவையும் விசேஷங்களையும் நடத்தியது யார்? சீதனமாக வந்த பணம் பெண்ணின் பெயரில் கடையில் வட்டிக்குப் போடப்படும். தொழிலுக்கு முதலீடு சேர்ந்த வழிகளில் இந்த ‘ஆச்சிமார் பணம்’ ஒன்று. கோயில் பணம் இன்னொன்று. ஆக, அந்த இருட்டு உள் அறை ஒரு வங்கியின் சின்னக் கிளை மாதிரி. சாவி ஆச்சியின் இடுப்பில்.

சரி, ஆள் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பெரிய வளவும் முகப்பும் ஏன்? கூடும் நாளுக்காக. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்), பிள்ளையார் நோன்பு, இழவு. கல்யாணச் சடங்கு நடக்க வேண்டியது வீட்டு வளவில்தான். வசதியான குடும்பத்தில் சாப்பாட்டுப் பந்தி ஆயிரம் பேரைத் தாண்டும். அன்றைக்கு முகப்பு, வளவு, பந்திக்கட்டு, அடுப்படி நான்கும் ஒன்றுக்கொன்று இடறாமல் ஓட வேண்டும். பின்தெருவில் வண்டி நின்று விறகும் காய்கறியும் இறங்கும்போது முன்வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கலாம். இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்ததன் பயன் அது. “இப்போது வீடு வெறிச்சென்று கிடக்கிறதே” என்று வருந்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆண்டில் பல மாதம் அந்த வீடுகள் அன்றும் பாதி வெறுமையாகத்தான் இருந்தன. படைப்புக்கு மட்டும் திறந்து, துடைத்து, கூடிச் சாப்பிட்டுவிட்டுப் பூட்டுவது கெட்டுப்போன வழக்கமில்லை. வீடு பிறந்ததே அதற்குத்தான்.

அடுத்து தண்ணீர். இந்தப் பகுதிக்கு வற்றாத ஆறு கிடையாது. வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்கிற மழை தகர அல்லது செம்புத் தாரை வழியாக முற்றத்தில் விழும். தாரைக்குக் கீழே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்துக் கல்தளச் சரிவில் ஓடிக் கிணற்றுக்கோ தெருக் கால்வாய்க்கோ போகும். தெருக் கால்வாய் ஊரணிக்குப் போகும். வீடு, தெரு, ஊரணி மூன்றும் சேர்ந்த ஒரே அமைப்பு அது. வீடுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது, ஊரை மேலிருந்து பார்க்க வேண்டும். 96 ஊர்கள் என்று மரபு. இன்று எஞ்சியிருப்பவை 75ஐ ஒட்டி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு ஏறியபோதும் ஊர்த்தொகுதிகளாகத்தான் ஏறியது, தனி வீடுகளாக அல்ல. அந்தப் பட்டியலால் உங்கள் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு அடித்தளம் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால், முன்னோர் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட நினைவில் உயர்த்திக் கட்டினார்கள் என்பார்கள். சமூகத்தின் நினைவுக்கு அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் தெருவில் ஓடும் மழைநீர், கறையான், கௌரவம் என்ற மூன்று காரணங்களே எனக்குப் போதும்.

‘நூறு வயது’ என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் சொல்லும் வருடத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்த வீடுகளை ஒரே மூச்சில் கட்டிமுடித்தது அபூர்வம். வளவு ஒரு தலைமுறை, மாடி அடுத்த தலைமுறை, முகப்பு அதற்கடுத்தது என்று வளர்ந்திருக்கும். தூணைப் பாருங்கள். கட்டையான கல் தூணோ முழுமரத் தூணோ தாழ்ந்த ஓட்டுக்கூரையைத் தாங்கினால் அந்தப் பகுதி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. உத்தரத்தில் இரும்பு விட்டம் தெரிந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக் கை பட்டிருக்கிறது. விட்டத்தின் பக்கவாட்டில் ஆங்கில ஆலையின் பெயர் புடைத்து நிற்கும், டார்ச் அடித்துப் படம் எடுங்கள். மாடித்தளம் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். வளைந்த மூலை, கிடைக்கோடுகள், சிமெண்ட் கைப்பிடிச்சுவர், கப்பல் தளம்போன்ற முகப்பு என்றால் 1930களும் 40களும், ஆர்ட் டெகோ பாணி. அந்தப் பாணி முகப்புக்குப் பின்னால் அறுபது வருடம் மூத்த வளவு ஒளிந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மேலே சுதையில் லட்சுமிக்கு இருபுறமும் துப்பாக்கிச் சிப்பாய்கள் நிற்கிறார்களா? வேடிக்கையாகத் தோன்றும். கட்டியவர் யாருடைய ஆட்சியின் நிழலில் சம்பாதித்தார் என்பதை அவரே முகப்பில் எழுதி வைத்ததுபோல எனக்குத் தோன்றும்.

தரையும் பேசும். ஆத்தங்குடிக் கல் என்ற பூவேலைத் தரைக்கல்லுக்கு சிமெண்ட் வேண்டும், அது இங்கே புழக்கத்துக்கு வந்தது பின்னால்தான். ஆகவே “1870இல் போட்ட ஆத்தங்குடித் தரை” என்று யாராவது சொன்னால், பழைய தரையைப் பெயர்த்து மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கல்லைச் சுடுவதில்லை. சதுரக் கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, கலவை அடைத்து அழுத்துவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைத்து உலர்த்தினால், கண்ணாடி விடுபட்டுப் பளபளப்பு மட்டும் கல்லில் தங்கிவிடும். நடக்க நடக்கத்தான் அது மெருகேறும். பூட்டிய வீட்டில் மங்கும்.

கூரையில் மங்களூர் ஓடு இருந்து அதில் 1865 என்று இருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழில் தொடங்கிய ஆண்டு. ஓடு செய்த ஆண்டு வேறு. இந்த ஒரு எண்ணை நம்பி வீட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் உண்டு.

இன்னொரு அளவுகோல் ரயில். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் பாதை வந்தது 1929–30இல்தான். அதற்கு முந்திய வீடானால், கப்பலில் வந்த தேக்கும் மார்பிளும் இரும்பும் கடைசித் தொலைவை மாட்டுவண்டியில்தான் கடந்திருக்கும். ஒரு முழுமரத் தூணைப் பார்க்கும்போது அதை இழுத்த மாடுகளையும் சுமந்தவர்களையும் நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

சுவர்ப்பூச்சைத் தொட்டுப் பாருங்கள். வெயில் நாளிலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். சுண்ணாம்பை நாட்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பல அடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. “லட்சக்கணக்கான முட்டை உடைத்தார்கள்” என்ற கதையை விட்டுவிடுங்கள். முட்டை மேல்பூச்சுக்கு மட்டும். முக்கியமானது இது: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். பழைய வீடுகள் பலவற்றை மழை கெடுத்ததைவிட நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்ட் பூச்சு அதிகம் கெடுத்திருக்கிறது.

இனி வரலாற்றின் கசப்பான பக்கம். இதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முடியாது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் நெல்விலையைச் சரித்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம், 1930களின் கடைசியில் 25 சதவீதம். செட்டியார்கள் விரும்பியது நிலத்தை அல்ல, பணத்தை. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த வேறுபாடு எதற்கு? 1930 மே மாதமே ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகக் காடு மலை தாண்டி வந்தார்கள், வழியில் மடிந்தவர்கள் கணக்கில் அடங்கார். 1948 விடுதலைக்குப் பின் நிலங்கள் தேசியமயமாகி, எஞ்சிய முதலும் போனது. செட்டிநாட்டில் 1950க்குப் பிறகு பெரிய வீடு அநேகமாக எழவில்லை என்பதற்குக் காரணம் ரசனை மாறியது அல்ல. வரவு நின்றுபோனது.

ஆக, உங்கள் வளவுத் தூண் பர்மாக் காட்டு மரம். அதை வாங்கிய பணம் பர்மிய வயலில் விளைந்த வட்டி. அந்த வயலில் ஒரு குடும்பம் நிலம் இழந்திருக்கலாம். இந்தியப் பெருங்கடலின் இரு கரையும் ஒரே தூணில் சந்திக்கின்றன. அந்த வீட்டைப் பெருமைச் சின்னமாக மட்டும் காட்டினாலும் பிழை, வட்டிக்கடைக்காரர் ஆடம்பரம் என்று ஒதுக்கினாலும் பிழை. அந்தச் சமூகத்தின் பணத்தில்தான் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், விடுதலைக் காலத்துக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கல்லூரிகளும் வந்தன.

‘அரண்மனை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜா பட்டம் பெற்ற குடும்பத்தின் கானாடுகாத்தான் வீட்டுக்கு அது பொருந்தும். மற்ற வீடுகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது சுற்றுலா. ஊரில் விலாசத்தைச் சொல்லி ‘இன்னார் வீடு’ என்பார்கள். அந்த விலாச எழுத்துகள் முகப்புக் கம்பி வேலையிலும் அண்டா விளிம்பிலும் வெட்டப்பட்டிருக்கும். அவை தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் என்பதால், எழுத்து மாறும் இடத்தில் தலைமுறை மாறுகிறது.

இடிப்பதைப் பற்றி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். இடித்த வீடுகளின் கதவுநிலை, தூண், கண்ணாடி, மங்கு எல்லாம் கடைகடையாகக் கிடக்கும். அங்கே நிற்கும் நிலைக்கு அழகு இருக்கிறது, ஆனால் அது எந்த ஊர் வீட்டின் எந்த வாசலில் நின்றது என்பது போய்விட்டது. வீடு துண்டானதும் முதலில் அழிவது பிளான், நான் மேலே சொன்னதெல்லாம் அதில்தான் இருந்தது. இன்னொன்று, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட செதுக்கு வேலைகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. “வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார்” என்று தரகர் சொன்னால் இதைக் கேளுங்கள். முட்டுக்காடு தட்சிணசித்திராவில் 1996 முதல் ஒரு செட்டிநாட்டு வீடு எடுத்துக்கட்டி நிற்கிறது. வேறு வழியே இல்லாதபோது அது மதிப்பான முடிவு. ஆனால் ஊரணியும் தெருவும் அங்கே கூடப் போகவில்லை.

உங்கள் பங்காளிகளிடம் நான் உபதேசம் செய்யமாட்டேன். ஓட்டு மாற்றக்கூட 14 புள்ளி சம்மதிக்க வேண்டும், பாதிப் பேர் வெளிநாட்டில், செலவு எல்லாம் உள்ளூரில் இருக்கும் ஒருவர் தலையில். இந்த அலுப்பு எனக்குத் தெரியும். பங்கு என்று வந்தால் பெண்மக்களையும் கணக்கில் சேருங்கள். பழைய வழக்கத்தில் வளவு வீட்டில் ஆண்வாரிசுக்கு மட்டும்தான் இடம். 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005இல் மத்தியத் திருத்தமும் அதை மாற்றிவிட்டன. எந்த முடிவானாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முடிவு எடுக்க நாளாகும். அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால், ஓட்டின்மேல் நடக்கத் தெரிந்த ஆளை ஏற்றி, நழுவிய, உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லுங்கள். ஓர் ஓடு விலகினால் வரிச்சு நனையும், பிறகு கைமரம், பிறகு உத்தரம், கடைசியில் அந்தச் சுவர். தூணை மெருகேற்றுவது, தரையைப் பாலிஷ் போடுவது எல்லாம் அதற்கப்புறம். முற்றத்து வடிகாலில் சருகு அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

பழைய காகிதத்தைக் கடைக்குப் போட வேண்டாம். பேரேடு, ஐந்தொகை, ரங்கூன் கடிதம், சீர்ச்சாமான் பட்டியல், கல்யாணத்தன்று எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், எல்லாமே சான்று. இசைகுடிமானத்தில் நாளும் ஊரும் பெயரும் இருக்கும் என்பதால், வீட்டில் அந்தந்த ஆண்டில் யார் இருந்தார்கள் என்று வரிசைப்படுத்திவிடலாம். கோட்டையூரில் ஒரு வீட்டில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த அச்சுப் பொருள்தான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமானது. உங்கள் பெட்டியில் அவ்வளவு இல்லாமல் போகலாம். ஒரு பேரேடு இருந்தாலும் போதும்.

நாடாவும் தாளும் எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க அளந்து பிளான் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அதைச் சென்னைக்கு எடுத்துவந்து அப்பத்தா முன்னால் விரித்து வையுங்கள், போனில் பதிவையும் ஓடவிடுங்கள். கல்யாணமாகி வந்தபோது எந்த இரட்டை அறை கொடுத்தார்கள், வேறு வைத்தது எப்போது, மழை பெய்தால் எந்தத் தாரைக்குக் கீழே யாருடைய அண்டா, சமைத்தது எந்த அடுப்பு, பக்கத்து அடுப்பு யாருடையது என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டே போங்கள்.